எந்த வாய்?

எங்கள் கட்டடத்தில் காணாமல் போகிற பொருள்கள் பெரும்பாலும் திரும்பக் கிடைத்துவிடும். மொட்டை மாடியில் காயப்போட்ட துண்டு, அடுத்த வாரம் வேறொருவர் கொடியிலிருந்து ஒன்றும் தெரியாததுபோல எட்டிப் பார்க்கும். இரவல் போன குடை மழைக்காலம் முடிந்ததும் தானாக இறங்கி வரும். ஆனால் இந்த முறை மாடிப்படியில் ஒரு சொல் காணாமல் போனது. அதைத் தொலைத்தவர் முதல் மாடியில் குடியிருக்கும் பிழைதிருத்துநர். தொலைந்த சொல் 'கருப்பை'. அந்தச் சொல் இல்லாததால் அவர் மனைவி ஆஸ்பத்திரி வாசலைக்கூட மிதிக்க முடியாமல் போகப் பார்த்தது.

அவர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவர். அதாவது அடுத்தவர்கள் விட்டுவிட்ட எழுத்தைப் பிடித்து இழுத்து வந்து இடத்தில் உட்கார வைப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. 'தண்ணீர் தொட்டி கழுவப்படும்' என்று தரைத்தளத்தில் குடியிருக்கிற நான் பலகையில் எழுதி ஒட்டினால், காப்பி ஆறுவதற்குள் நடுவில் ஒரு சிவப்பு 'த்' முளைத்திருக்கும். அதனால் கட்டடம் முழுக்க அவருக்கு 'ஒற்று' என்றுதான் பெயர். நேரில் 'தம்பி', முதுகு திரும்பினால் 'ஒற்று'.

மனைவி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று சொல்கிறவள். 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று அவள் தொடங்கினால் சண்டை போடுகிற கண்டக்டரும் பயணியும்கூட ஒரு நொடி நிறுத்திவிட்டுத்தான் தொடர்வார்கள். எங்களுக்கு அவள் 'மைக்கு'. வீட்டில் மூன்றாவது ஆள் ஒற்றின் அம்மா. அவருக்குப் பட்டப்பெயர் கிடையாது. வைக்க இன்னும் யாருக்கும் தைரியம் வரவில்லை.

மைக்கு கர்ப்பமானபோது அந்தச் செய்தி முதலில் மாமியாருக்குத் தெரிந்து, அப்புறம் எங்களுக்குத் தெரிந்து, கடைசியில்தான் அவளுக்கே தெரிந்தது என்று சொன்னால் கொஞ்சம் மிகை. கொஞ்சம்தான். வயிறு வெளியே தெரிவதற்குள் அது கலைந்துவிட்டது. விசாரிக்கப் போனவர்கள் ஆளுக்கொரு ஆறுதலைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்கள். "போனாப் போகுது விடும்மா, அடுத்த பஸ்ஸு வராமலா இருக்கும்?" என்று ஒருத்தி சொன்னாள். நாள் முழுக்கப் பஸ் வருகிறது என்று சொல்லிப் பிழைக்கிறவளிடம்! நான் இல்லை அது. நான் நினைத்தேன், சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவளுடைய மாதக் கணக்கு தாறுமாறாகிவிட்டது.

இந்த விஷயத்தில் எங்கள் கட்டடத்தின் அகராதி மிகப் பெரியது. 'தலைக்குக் குளிச்சாச்சா', 'உடம்புக்கு முடியல', 'அந்த நாள்', 'லீவு', 'விருந்தாளி வந்திருக்கா' என்று ஆயிரம் சொல் உண்டு. 'மாதவிடாய்' என்ற ஒன்றுதான் கிடையாது. தொலைக்காட்சி விளம்பரத்தில் அது வந்தால் சத்தத்தைக் குறைத்துவிட்டு எல்லோரும் ஒரே நேரத்தில் ஜன்னல் பக்கம் பார்ப்போம். பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்காது.

மாமியாரிடம் மட்டும் எல்லாவற்றுக்கும் விளக்கம் தயாராக இருந்தது. நாள் தள்ளிப்போனால், "நல்ல சேதிதான், வெளியில சொல்லாதீங்க" என்று வெளியில் வந்து சொல்வார். அதிகமாகப் போனால், "கெட்ட ரத்தம் போகுது, போகட்டும்." குறைவாகப் போனால், "உடம்புல சூடு." ஒரு மாதத்துக்கும் அடுத்த மாதத்துக்கும் நடுவில் எட்டிப் பார்த்தால், "அது அந்தப் பழைய மிச்சம் மீதி." இப்படி எந்தப் பக்கம் போனாலும் வாசலில் அவர் நின்றுகொண்டிருந்ததால், அவரைத் தாண்டி டாக்டரிடம் போக வழியே இல்லை.

மைக்குக்கோ கண்ணாடிக் கூண்டு நரகமாகிவிட்டது. மொட்டை மாடிக் கொடியில் அவளுடைய வெளிர் நிறத் துணிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய், எல்லாம் கறுப்பும் கருநீலமுமாக ஆனதை நான் கவனித்தேன். கவனிக்காமல் இருக்க முடியுமா? என் துணியும் அங்கேதான் காய்கிறது. ஓர் அறிவிப்பு முடிந்ததும் மைக்கை அணைப்பாளாம், எழுந்திருப்பாளாம், முதலில் நாற்காலியைத் திரும்பிப் பார்ப்பாளாம், அப்புறம்தான் நடப்பாளாம். கணவனோடு இருந்த மறுநாளும் ரத்தம் பட்டது. இதை ஒற்றிடம் மட்டும் சொன்னாள். அவர் செல்பேசியில் எதையோ படித்துவிட்டு, "சகஜம்தானாம்" என்றார். படித்த பக்கத்தில் பிழைகள் மலிந்திருந்ததாகவும் சொன்னார். பிழைகள் மலிந்த பக்கத்தை ஏன் நம்பினாரோ!

கடைசியில் அவளே வேலை நேரத்தில் அரை நாள் லீவு போட்டு ஒரு டாக்டரம்மாவைப் பார்க்கப் போனாள். டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாராம்: "கரு கலைஞ்சதுக்கப்புறம் ஒண்ணு ரெண்டு மாசம் முன்னப் பின்ன வரும், கூடக் குறைய போகும். அது வேற. ஆனா நடுவுல படறதும், ஒண்ணா இருந்த பிறகு படறதும் அந்தக் கணக்குல சேராது. அதைப் பார்க்கணும்." அங்கேயே கருப்பை வாயிலிருந்து ஒரு சின்னத் தூரிகையால் கொஞ்சம் வழித்தெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்தபோது ஒற்றையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். "செல்கள்ல மாற்றம் தெரியுது. இது புற்றுநோய்னு நான் சொல்லல. இல்லைன்னும் பார்க்காம சொல்ல மாட்டேன். வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வாங்க. லென்ஸ் வெச்சுப் பார்த்து, ஒரு துளி சதை எடுத்து அனுப்பிடலாம். தள்ளிப் போடாதீங்க."

அன்று சாயங்காலம்தான் மாடிப்படியில் நான் ஒற்றைப் பிடித்தேன். அவர் முதலில் வந்தார்; மைக்கு கடையில் ஏதோ வாங்கிக்கொண்டு பின்னால் வந்துகொண்டிருந்தாள்.

"என்ன தம்பி, ஆஸ்பத்திரி கவரோட வர்றீங்க?"

"ஒண்ணுமில்லக்கா. அவளுக்கு ஒரு டெஸ்ட்டு எடுத்தாங்க."

"டெஸ்ட்டா? எதுல?"

அவர் காது இரண்டும் சிவந்தன. வாயைத் திறந்தார். 'க' என்று ஒரு சத்தம் தொண்டை வரை வந்ததை நானே கேட்டேன். அதை அப்படியே விழுங்கினார்.

"வாயில" என்றார்.

"வாயிலயா!"

"ஆமாக்கா, வாயிலதான். ஏதோ சின்ன மாற்றமாம். வியாழக்கிழமை ஒரு துளி சதை எடுக்கணுமாம்."

பொய் என்று சொல்ல முடியாது. ஒரு சொல் விடுபட்டிருந்தது, அவ்வளவுதான். மற்றவர்கள் விட்டால் சிவப்புப் பேனாவை எடுக்கிற மனிதர், தான் விட்டபோது படி ஏறிப் போய்விட்டார்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் மாடியில் இருக்கிற, பள்ளி வேன் ஓட்டுகிற தங்கச்சியிடம் மட்டும், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று சொல்லிச் சொன்னேன். அவளும் அதே நிபந்தனையோடு சொல்லியிருக்க வேண்டும். மைக்கு பையோடு வந்து சேர்ந்தபோது அவள் வாசலில் இரண்டு தேன் பாட்டில் நின்றன.

மறுநாளுக்குள் கட்டடமே வைத்தியராகிவிட்டது. உப்புத் தண்ணீரில் கொப்பளி என்றார்கள். படிகாரம் வை என்றார்கள். காரம் தொடாதே, சூடாகக் குடிக்காதே, குளிர்ச்சியாகவும் குடிக்காதே என்றார்கள். "மைக்குல கத்திக் கத்தியே வாய் வெந்துபோச்சு பாவம்" என்று ஒரு கட்சி. "பல் தேய்க்கிற பிரஷ்ஷு சரியில்ல" என்று இன்னொரு கட்சி. ஒரு நாள் முழுக்க இதைக் கேட்ட பிறகு அவள் ஒற்றைக் கேட்டாளாம். இந்த இடத்தை அவளே பின்னால் எனக்கு நடித்துக் காட்டினாள்.

"என்னங்க இது, போறவங்க வர்றவங்க எல்லாம் என்னைக் கொப்பளிக்கச் சொல்றாங்க?"

"அது... நான்தான். வாயில டெஸ்ட்டுன்னு..."

"எந்த வாய்ன்னு சொல்லலியா?"

"படிக்கட்டுல நின்னுக்கிட்டு அதை எப்படிச் சொல்றது?"

அவள் சிரித்தாளாம். கரு கலைந்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்து முடித்ததும், "இருக்கட்டும், விடுங்க" என்றாளாம்.

ஏன் விட்டாள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. குழந்தை போனபோது ஒரு டம்ளர் வெந்நீர் வைத்துக் கொடுக்க ஆள் இல்லை. ஏதோ அவள் கை தவறிப் போட்டு உடைத்துவிட்டதுபோல எல்லோரும் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். இப்போது வாயில் புண் என்றதும் சூப்பு வருகிறது, ஜூஸ் வருகிறது, "ஏன் கஷ்டப்பட்டு எழுந்து வர்றே, உட்காரு" என்கிறார்கள். மாமியாரே அடுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, "நீ வாயை ஆட்டாதே, பேசாம படு" என்றார். இதைவிட முக்கியம், பேசக் கூடாது என்று உத்தரவு வந்துவிட்டதால் 'நாள் தள்ளியிருக்கா' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. கேட்டால் வாயைக் காட்டிக் கையை விரித்துவிடலாம். உடம்பில் கௌரவமான இடம் என்று ஒன்று இருக்கிறது போலிருக்கிறது. அங்கே நோய் வந்தால் ராஜ உபசாரம். இன்னோரிடத்தில் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு அழ வேண்டும்.

பேருந்து நிலையத்திலும் இதே கதை. நேரக்காப்பாளர், அதாவது வண்டிகள் போக வர நேரம் பார்க்கிற மேலதிகாரி, பதறிப்போனார். "வாய்தானே உங்க மூலதனம்!" என்று சொல்லி, அவளைப் பக்கத்து மேசையில் உட்கார வைத்துவிட்டு மைக்கைத் தானே பிடித்தார். வியாழக்கிழமைக்கு முழு நாள் லீவும் கொடுத்தார். அவர் அறிவித்ததை நானே கேட்டேன்; கடைக்குப் போகிற வழியில் நிலையம். "வண்டி வருது... வருது... நாலாவதுல... இல்ல இல்ல, அது வேற வண்டி, யாரும் ஏறாதீங்க, ஏறினவங்க இறங்குங்க." ஒரு கூட்டம் நான்காவது நடைமேடையிலிருந்து இரண்டாவதுக்கும், இரண்டாவதிலிருந்து நான்காவதுக்கும் மூட்டை முடிச்சோடு ஓடிக்கொண்டிருந்தது.

இப்படியே வியாழக்கிழமை வந்திருந்தால் ஒன்றுமில்லை. அதற்கு முந்தைய சாயங்காலம் என்று ஒன்று குறுக்கே வந்தது.

இரண்டாம் மாடியில் ஒரு பெரியவர். பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து டோக்கன் கொடுத்து ஓய்வு பெற்றவர். அத்தனை வருஷம் டாக்டரின் அறைக்கதவுக்கு எதிரே உட்கார்ந்ததில் பாதிப் படிப்பு கதவிடுக்கு வழியாகத் தனக்கு வந்து சேர்ந்துவிட்டதாக அவருக்கு நம்பிக்கை. நாங்களும் 'அரை டாக்டர்' என்று கூப்பிட்டு அந்த நம்பிக்கையை வளர்த்து வைத்திருந்தோம். அவர் அன்று ஒரு டார்ச்சு விளக்கோடு முதல் மாடிக்கு இறங்கினார். ஊர் வாயெல்லாம் பார்த்தவர் இருக்கும்போது ஆஸ்பத்திரிக்குப் போவதா என்று அவருக்கு மனத்தாங்கல்.

மைக்கு மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். "அட, வெட்கப்படாதேம்மா, நான் உங்க அப்பா மாதிரி" என்றார். மாமியார் அவளை வாசலுக்கு இழுத்து வந்தார். வேன் தங்கச்சி மேலே இருந்து எட்டிப் பார்த்தாள். நான் கீழே இருந்து ஏறிப் போனேன். படியில் நின்று பார்த்தால் சரியாகத் தெரியாது.

"ஆ காட்டும்மா. பெருசா. நாக்கைத் தூக்கு. இந்தப் பக்கம். அந்தப் பக்கம்." டார்ச்சு வெளிச்சம் அவள் வாய்க்குள் மேயப் போனது. "ம்... ம்ம்... கடைவாய்ப் பல்லுல ஒரு சொத்தை ஆரம்பிக்குது, அதை அப்புறம் பார்க்கலாம். மத்தபடி புண்ணுமில்ல, புடலங்காயுமில்ல! இவ்வளவு சுத்தமான வாயை என் சர்வீஸ்ல பார்த்ததில்ல."

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் மாமியார். எப்போது, என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. "எல்லாம் தேன் பண்ணின வேலை. அப்ப நாளைக்கு ஆஸ்பத்திரி எதுக்கு? பெரியவன் குடும்பத்தோட சாப்பிட வர்றான். வீட்டுல ஆள் வேணும். நல்லா இருக்கிற வாயில சதையைக் கிள்ளிக் குடுத்துட்டு வர்றதுக்கு இவளுக்கென்ன தலையெழுத்தா?"

அதற்குள் அரை டாக்டர் செல்பேசியை எடுத்துவிட்டார். நேரக்காப்பாளர் தினமும் காலையில் அவரோடு நடைப்பயிற்சிக்குப் போகிறவர். "உங்க மைக்கு ரெடி சார். வாய் கண்ணாடி மாதிரி இருக்கு. நானே பார்த்தேன்." மறுமுனையில் வந்த நிம்மதிப் பெருமூச்சு எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "அப்பாடா! நாளைக்கே வந்துடச் சொல்லுங்க. லீவு கேன்சல். ஜனங்க என்னைக் கண்டபடி திட்டுறாங்க சார். நேத்து ஒருத்தர் செருப்பைக் கையில எடுத்துட்டாரு."

ஐந்து நிமிஷத்தில் காரியம் முடிந்தது. டார்ச்சு ஒன்று, தொலைபேசி ஒன்று. டாக்டரம்மா தள்ளிப் போடாதீங்க என்று சொன்ன வியாழக்கிழமையை இரண்டு பெரியவர்களும் ஓர் அதிகாரியும் சேர்ந்து சந்தோஷமாகத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டார்கள்.

மைக்கு ஒற்றைப் பார்த்தாள். "சொல்லுங்க" என்றாள்.

"அம்மா, டாக்டர் சொன்னது... இது இந்த மாதிரி பார்த்தாத் தெரியாதும்மா."

"டார்ச்சு அடிச்சே தெரியாதது வேற எதை அடிச்சாத் தெரியும்?"

"இல்ல, அது உள்ள..."

"உள்ளதானேடா இவ்வளவு நேரம் பார்த்தாரு!"

ஒற்று வாயைத் திறந்தார். மறுபடியும் அந்த 'க' தொண்டைக்கு வந்தது. எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். மறுபடியும் விழுங்கினார். "சரி, அண்ணன் வந்துட்டுப் போகட்டும். அடுத்த வாரம் வேணும்னா..."

மைக்கின் முகத்தில் அதுவரை நான் பார்க்காத ஒரு நிறம் ஏறியது. நிமிர்ந்து நின்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். வலது கை விரல், இல்லாத மைக்கைத் தட்டிப் பார்ப்பதுபோல காற்றில் இரண்டு தட்டுத் தட்டியது. பழக்கதோஷம்.

"அனைவரின் கனிவான கவனத்திற்கு."

பேருந்து நிலையத்துக்கே போதுமான குரல். எங்கள் மாடிப்படி எம்மாத்திரம்! கீழே பால் வாங்கிக்கொண்டு வந்த யாரோ நடுப்படியில் நின்றுவிட்டார்கள்.

"நாளை வியாழக்கிழமை நான் செல்லவிருப்பது பல் மருத்துவமனைக்கு அல்ல. பரிசோதனை செய்யப்படவிருப்பது இந்த வாய் அல்ல. கருப்பை வாய். மீண்டும் அறிவிக்கிறேன். கருப்பை வாய்."

எதையும் இரண்டு முறை சொல்வது அவர்கள் தொழில் வழக்கம். அந்தச் சொல் மொட்டை மாடி வரை ஏறிப் போய், முட்டி, திரும்பி இறங்கி வந்தது. எங்கேயோ ஒரு கதவு படாரென்று சாத்திக்கொண்டது. அதைவிட மெதுவாக மூன்று கதவுகள் திறந்துகொண்டன.

"மெதுவாப் பேசும்மா" என்றார் மாமியார், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. "ஆம்பளைங்க இருக்காங்க."

"டார்ச்சு அடிச்சுப் பார்க்கும்போது ஆம்பளைங்க இருக்கலாம். நான் பேரைச் சொல்லும்போது மட்டும் இருக்கக் கூடாதா அத்தை?"

அரை டாக்டர் டார்ச்சை அணைக்கப் பார்த்தார். பொத்தான் சிக்கிக்கொண்டது. வேறு வழியில்லாமல் எரிகிற விளக்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நெஞ்சில் நிலா உதித்தவர்போல ஒவ்வொரு படியாகப் பின்வாங்கினார்.

மைக்கு இன்னும் முடிக்கவில்லை. ஆனால் இப்போது அது அறிவிப்புக் குரல் இல்லை.

"குழந்தை போனதிலேர்ந்து எனக்கு எது மாசக் கணக்கு, எது நடுவுல வர்றதுன்னே தெரியல. உட்கார்ந்தா பயம், எழுந்தா பயம். இது புத்து நோயா இருந்தா என்ன பண்ணுறதுன்னு நான் தினமும் நினைக்கிறேன். நீங்க எல்லாரும் எனக்குத் தேன் குடுக்கறீங்க."

தேன் கொடுத்தவர்களில் நானும் உண்டு; நல்ல தேன்தான்.

"இதையெல்லாம் எங்கிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லலியே" என்றார் மாமியார்.

"சொன்னேன் அத்தை. மிச்சம் மீதின்னு சொன்னீங்க."

மாமியாரிடம் விளக்கம் தீர்ந்துபோனதை என் வாழ்நாளில் அன்றைக்கு ஒருமுறைதான் பார்த்தேன். முந்தானையைக் கீழே விட்டார். மறுபடியும் எடுத்தார். பிறகு மகன் பக்கம் திரும்பி, "ஏண்டா, ஊர் உலகத்துக்கெல்லாம் எழுத்து போடத் தெரியுது, இதைச் சொல்லத் துப்பில்லையா உனக்கு?" என்று எரிந்து விழுந்தார். யார்மேலாவது விழுந்துதானே ஆக வேண்டும்.

வேன் தங்கச்சி மேலே இருந்தே குரல் கொடுத்தாள். "காலையில பசங்களை இறக்கிவிட்டுட்டு நேரா வர்றேன். தயாரா இரு."

"பெரியவன்?" என்று நான் நினைவுபடுத்தினேன். யாராவது நினைவுபடுத்த வேண்டாமா?

"பெரியவன் ஓட்டல்ல சாப்பிடட்டும். வாய் இருக்கில்ல அவனுக்கு" என்று சொல்லிவிட்டு மாமியார் உள்ளே போனார்.

ஆஸ்பத்திரியில் நடந்ததை வேன் தங்கச்சி வந்து எனக்குச் சொன்னாள். வரவேற்பு மேசையில் கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஓர் இளைஞன். ஒற்றின் பின்னால் நீண்ட வரிசை. "என்ன பிரச்சினை சார்?" என்று கேட்டான். ஒற்று இரண்டு பக்கமும் பார்த்தார். "வாயில..." என்று ஆரம்பித்தார். "பல் பிரிவு மூணாவது மாடி, அடுத்தவங்க வாங்க" என்று அவன் கையை வீசினான். மைக்கு ஒரு வார்த்தையும் உதவவில்லை. கைப்பையைக் கட்டிக்கொண்டு கணவனை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் நேற்றே சொல்லிவிட்டாள். இன்று அவர் முறை.

ஒற்று சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டாராம். அது கையில் இருந்தால்தான் அவருக்கு முதுகெலும்பு. "கருப்பை வாய்" என்றார். வரிசையில் கடைசியில் நின்ற கிழவர்கூட நிமிர்ந்து பார்த்தாராம். இளைஞன் தலையைக் குனிந்துகொண்டு தட்டச்சு செய்தான். ஒற்று திரையை எட்டிப் பார்த்தார்.

"'கருபை' இல்லீங்க. நடுவுல ஒரு 'ப்' வரும்."

"சரி சார்."

"வாய்க்கு முன்னால மட்டும் ஒற்று வேண்டாம். அது அப்படியே இருக்கலாம்."

அப்போதுதான் மைக்கு இரண்டாவது முறை சிரித்தாள் என்றாள் தங்கச்சி.

உள்ளே வேலை சீக்கிரம் முடிந்தது. கிள்ளியதுபோல வலித்ததாம், அன்று முழுக்க அடிவயிற்றில் பிடித்துக்கொண்டே இருந்ததாம். முடிவு வருவதற்குச் சில வாரங்கள் ஆயின. அந்த வாரங்களைப் பற்றிக் கேலி செய்ய எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவள் வேலைக்குப் போனாள், அறிவித்தாள், வந்தாள். வண்டி எதுவும் தடம் மாறவில்லை. ஒற்று மட்டும் என் பலகையில் 'குடிநீர் கட்டணம்' என்று நான் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சேர்க்காமல் தாண்டிப் போனார். அதிலிருந்தே அவர் மனசு இருந்த நிலை தெரியும்.

முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. ஆனால் கண்டுகொள்ளாமல் விட்டால் பின்னால் அப்படி மாறக்கூடிய செல்கள். அந்த இடத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் தங்கக்கூட வேண்டியிருக்கவில்லை, அன்றே வீட்டுக்கு வந்துவிட்டாள். இனிமேல் அவ்வப்போது போய்க் காட்ட வேண்டும். மாதக் கணக்கு ஒழுங்காக இன்னும் கொஞ்ச காலம் ஆகலாம், மறுபடி நடுவில் பட்டால் உடனே வர வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னாராம். குழந்தை போனதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றும் சொன்னாராம். அந்தக் கடைசி வாக்கியத்தை மைக்கு வீட்டில் இரண்டு முறை அறிவித்தாள்.

அதன் பிறகுதான் வேடிக்கை. முதல் மாடிக்குப் பெண்கள் வரத் தொடங்கினார்கள். எல்லோருக்கும் ஒரு சிநேகிதி இருந்தாள். "எனக்கில்ல, என் சிநேகிதிக்கு. நடுநடுவுல படுதாம். அந்த டாக்டரம்மா எங்க இருக்காங்க?" "எனக்கெல்லாம் ஒண்ணுமில்லப்பா, கூட வேலை செய்யற ஒருத்தி. மூணு வருஷமாச் சொல்றா." இவ்வளவு சிநேகிதிகள் உடம்பு சரியில்லாமல் கிடக்கும்போது, கட்டடம் மட்டும் இத்தனை ஆரோக்கியமாக இருந்தது எனக்கே ஆச்சரியம். பேச்சில் சௌகரியத்துக்காக 'மேல் வாய்', 'கீழ் வாய்' என்று இரண்டு பிரிவுகள்கூட வந்துவிட்டன. முழுப் பெயரைச் சொல்ல இன்னும் யாருக்கும் நாக்கு வளையவில்லை.

போன வாரம் ஒரு காலை. ஒற்று வேலைக்குக் கிளம்பிப் படியிறங்கிக்கொண்டிருந்தார். அவர் அம்மா பின்னாலேயே இறங்கி வந்து, சரியாக என் ஜன்னலுக்கு வெளியே அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"டேய், நில்லு. ஒண்ணு சொல்லணும்."

"என்னம்மா?"

"எனக்கு அதெல்லாம் நின்னு எவ்வளவோ வருஷம் ஆச்சு, உனக்குத் தெரியும். இப்பக் கொஞ்ச நாளா லேசா... திரும்ப..." குரல் தேய்ந்துகொண்டே போனது. "சூடுதான்னு நினைச்சேன். இவகிட்டச் சொல்ல ஒரு மாதிரியா இருக்கு. அந்த டாக்டரம்மாகிட்ட எனக்கும் ஒரு தடவை காட்டிடலாமா? வாயில."

ஒற்று படியிலேயே நின்றார். சில மாதங்களுக்கு முன்னால் என்றால் காது சிவந்திருக்கும்.

"எந்த வாய்ம்மா? முழுசாச் சொல்லு."

மாமியார் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், என் ஜன்னலைப் பார்த்தார். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், நகரவில்லை. ஒரு தண்டை வெகு கவனமாகக் கிள்ளினேன். ஊர் வாயெல்லாம் கட்டி ஆண்ட அந்த அம்மாள், பள்ளிக்கூடத்தில் முதல் பாடம் ஒப்பிக்கிற பிள்ளைபோல நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்:

"கருபை வாய்டா."

"'ப்' விட்டுட்டியேம்மா" என்றார் ஒற்று, செல்பேசியில் டாக்டரம்மாவின் எண்ணைத் தேடிக்கொண்டே.